எல்லாரும் ஏறிய கோட்டை

“அங்கிள், கட்சால்ல கோட்டை இருக்கா?”

போன மழைக்காலத்தில் ஒரு காலை. போர்ட் பிளேயரில் டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் நாள். குடத்தை வைத்துவிட்டுக் குழாயை முறைத்துக்கொண்டு நின்றபோதுதான் இந்த போன் வந்தது. பேசியவர் சுஷ்மிதா. நான் வேலை பார்த்த சர்வே அலுவலகத்தில் இப்போது அதிகாரி. பெங்காலிக் குடும்பம், போர்ட் பிளேயரில் தமிழ்க்காரர்கள் நடுவே வளர்ந்ததால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. என் மகள் வயதுதான். ஆனால் நான் ஓய்வுபெறும்போது உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு இரண்டு நாற்காலி மேலே உட்கார்ந்திருப்பவர். அதனால் மரியாதை கொடுத்தே எழுதுகிறேன்.

“இருக்கே,” என்றேன்.

“சேட்டிலைட் படத்துல ஒண்ணுமே இல்லையே அங்கிள். வெறும் காடுதான் தெரியுது.”

விஷயம் இதுதான். தீவுகளில் உள்ள ஊர், ஓடை, மலை எல்லாவற்றின் பெயரையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். ஒரு இடத்துக்கு ஒரு பெயர் என்பது புது விதி; தகுந்த காரணம் காட்டினால்தான் இரண்டாவது பெயர் நிற்கும். நிக்கோபார் பக்கத்துத் தீவான கட்சாலில் ஒரு மலைக்கு மட்டும் இரண்டு பெயர் வந்து நின்றிருக்கிறது. மேலே அங்குள்ள பழங்குடி மக்களின் நிக்கோபாரி மொழிப் பெயர், அதன் கீழே சின்ன எழுத்தில் ‘கோட்டை’. கோட்டை என்று போட்டால் கோட்டை இருக்க வேண்டாமா? படத்தில் மதிலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

“அத எடுத்துடலாம்னு இருக்கேன். ஃபீல்டுல எழுதினவர்னு உங்க பேர் போட்டிருந்துச்சு. ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்னுதான்...”

“எடுக்காதீங்க!”

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மலையாளி அம்மா குடத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். அன்றைக்கு அது மூக்கைத் தாண்டிவிட்டது.

“சும்மா எடுக்காதீங்கன்னா எப்படி அங்கிள்? காரணம் வேணுமே. அரைப் பக்கம் எழுதிக் கொடுங்க,” என்றார் சுஷ்மிதா. அவர் மேல் தப்பே இல்லை. அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்த அரைப் பக்கத்தில் அடங்காமல் போனதை அலுவலகத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் செஞ்சி. கண் விழித்தால் கோட்டை, கண் மூடினால் கோட்டை. எங்கள் பக்கத்தில் கோட்டை இல்லாத பேரே கிடையாது. கோட்டைமேடு, அகழித் தெரு, கொத்தளத்தான் களம். எங்கள் வீட்டுக்கே ‘கொத்தளத்து வீடு’ என்றுதான் பெயர்; அந்தக் கொத்தளம் எந்த ராஜா காலத்தில் இடிந்ததோ, யாருக்கும் தெரியாது. மாமா ஒருவர் போர்ட் பிளேயரில் ரோடு கான்ட்ராக்ட் எடுத்திருந்தார். அவரோடு கப்பலேறி வந்து, சர்வேயில் கம்பும் சங்கிலியும் தூக்கும் கலாசியாகச் சேர்ந்தேன். அட்டை கடி, மலேரியா, மழை. பரீட்சை எழுதினேன், தோற்றேன், மறுபடி எழுதினேன். சர்வேயர் ஆனேன். அந்தக் கதை எல்லாருக்கும் உள்ளதுதான். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. சர்வேயர் ஆன பிறகு லதீஃப் சாப் கேம்ப்பில் போட்டார்களே, அங்கேதான் எனக்கு வேலை தெரிய ஆரம்பித்தது.

லதீஃப் சாப் போர்ட் பிளேயரில் பிறந்தவர். எங்கள் பாஷையில் ‘லோக்கல்’. ஒல்லியான மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரு பாக்குப் பொட்டலம், ஒரு சவர பிளேடு. பிளேடு பென்சில் சீவ. யாரிடமாவது பேச்சுக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பார். அதிகாரி உற்றுப் பார்த்தால் ஜனங்களுக்கு வாய் கட்டிவிடும் என்பது அவர் கணக்கு. எதிரில் இருப்பவர் நின்றுகொண்டு பேசினால் இவரும் நிற்பார். எங்களை ஒரு நாளும் வைததில்லை. தப்புச் செய்தால் பேச்சை நிறுத்திவிடுவார். வைதிருந்தால் தேவலை என்று தோன்றும்.

அவர் வாயில் அதிகம் வரும் சொல் ‘அச்சா’. அதில் மூன்று ரகம் உண்டு. சட்டென்று வந்தால், சரி, மேலே சொல் என்று பொருள். இழுத்து வந்தால், நீ விடுகிற கதையை நான் நம்பவில்லை என்று பொருள். மூன்றாவது ரகம் மெல்லிசாக, மூச்சோடு வரும். மனசு நிறைந்தால் மட்டும். அந்த மூன்றாவது அச்சாவுக்காக நாங்கள் காட்டில் நாய் மாதிரி உழைத்தோம்.

பெயர் கேட்பதற்கு அவர் வைத்திருந்த முறையைச் சொல்லியாக வேண்டும். மற்ற கேம்ப்பில் மலையைக் கையால் காட்டி “இது பேரு என்ன?” என்று கேட்பார்கள். சாப் அதை ஒப்பவே மாட்டார்.

“கில்லேவாலா,” என்பார் என்னை. கில்லா என்றால் இங்கே ஹிந்தியில் கோட்டை. செஞ்சிக்காரன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர். “கில்லேவாலா, பேர் என்னான்னு கேட்டா, அவன் சர்க்காருக்குப் புடிச்ச பேரைச் சொல்வான். சர்க்கார் வந்து நிக்குதே, நல்லதா ஒண்ணு சொல்லுவோம்னு. அப்படிக் கேக்காதே. உன் பன்னி தொலைஞ்சு போச்சு, அந்தப் பக்கம் ஏறிடுச்சு, பெண்டாட்டிகிட்ட எங்கே போறேன்னு சொல்லிட்டுப் போவே? அதைக் கேளு.”

ஒரு ஆண், ஒரு பெண், தனித்தனியாகக் கேட்க வேண்டும். மறுநாள் வழியில் பார்க்கும் இன்னொருவர். ஒருவர் சொன்னதை இன்னொருவர் காதில் போடக் கூடாது. நாமாக ஒரு பெயரைச் சொல்லி ‘இதுதானே?’ என்று கேட்டுவிட்டால் அன்றைய வேலை பாழ். மூன்று பேரும் ஒன்றையே சொன்னால் எழுது. பெண்களைக் கட்டாயம் கேட்க வேண்டும். விறகுக்கும் தண்ணீருக்கும் ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் மலையின் பெயர் வாயில் இருக்கும்.

இந்த முறையோடுதான் கட்சாலுக்குப் போனோம். போர்ட் பிளேயர் ஹாடோ ஜெட்டியில் கப்பலேறி, கடல் குடலைப் புரட்டியெடுக்க, ஒருவழியாகப் போய் இறங்கினோம். கட்சாலில் கடலோரம் முழுக்க நிக்கோபாரிகளின் கிராமங்கள். உள்ளே தள்ளி சர்க்கார் ரப்பர் தோட்டம். அங்கே இருந்தவர்கள் நம் ஆட்கள். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பாட்டன் காலம் முதல் உழைத்து, ‘உங்கள் நாட்டுக்குப் போங்கள்’ என்று அனுப்பப்பட்டவர்கள். அவர்களுடைய நாடு கடைசியில் இந்தத் தீவாகிவிட்டது. தமிழைக் கேட்டதும் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அங்கேதான் ராசம்மாவைப் பார்த்தேன். ரப்பர் பால் வெட்டுகிற பெண். அப்போது கல்யாணமாகிக் கைக்குழந்தை. வாய் என்றால் அப்படி ஒரு வாய். சாப் சொல்லிக் கொடுத்தபடி, தோட்டத்துக்குப் பின்னால் நின்ற மலையைக் காட்டாமல் கேட்டேன்.

“ஏம்மா, வெறகுக்கு மேல போனா, வீட்டுல என்னான்னு சொல்லிட்டுப் போவே?”

“கோட்டைக்குப் போறேன்னு சொல்லுவேன். வேற என்னாத்த சொல்ல?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கோட்டையா? எந்த ராஜாம்மா கட்டினாரு? எங்க ஊருக்கு வந்து பாரு, கோட்டைன்னா என்னான்னு தெரியும். மூணு மலை, மலைக்கு மலை மதிலு.”

ராசம்மா பால் வாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஒங்க ஊருக் கோட்டைய இங்க யாருங்கய்யா கேட்டா? நாளைக்கு எங்களுக்கு ஒண்ணுன்னா சொமந்துக்கிட்டா வருவீங்க?”

கூட இருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பின்னால் நின்ற லதீஃப் சாப் பென்சில் சீவுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு ஓரளவு தமிழ் வரும் என்பது எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு வரும் என்பது அன்றுதான் தெரிந்தது.

ராசம்மாவின் மாமனார் மறுநாள் அதே பெயரைச் சொன்னார்; வழியில் பார்த்த இன்னொருவரும் அதையே சொன்னார். மாமனார் கூடவே கதையும் சொன்னார். இலங்கைத் தோட்டங்களில் புது மலையில் வேலை தொடங்கினால் முதலில் ஒரு முனிக்குக் கல் நடுவது அவர்கள் வழக்கம். ஆலைச் சக்கரத்துக்குக்கூட ரோதமுனி என்று ஒரு சாமி வைத்துக் கும்பிட்டவர்கள். கட்சாலுக்கு வந்ததும் முனிக்கு இடம் தேடி மலையேறியிருக்கிறார்கள். உச்சியில் யாரோ எப்போதோ அடுக்கிய கல் வரிசை ஒன்று இருந்திருக்கிறது. இது காலியிடம் இல்லை, யாரோ காவல் இருந்த கோட்டை என்று தோன்றியிருக்கிறது. சும்மா கல்லை நட்டுவிட்டு வராமல், கீழே இறங்கி நிக்கோபாரிக் கிராமத்துத் தலைவரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அங்கே கிராமத் தலைவரைக் ‘கேப்டன்’ என்பார்கள். கேப்டன் ஐசக் யோசித்து, “உங்க சாமி கல் வரிசைக்குக் கீழே இருக்கட்டும். மேலே மரம் வெட்டக் கூடாது,” என்றிருக்கிறார். அன்றிலிருந்து அந்தச் சாமி கோட்டை முனி, மலை கோட்டை.

கேப்டன் ஐசக்கையும் தனியாகக் கேட்டோம். பெரிய உடம்பு, சின்னக் குரல், நிதானமான ஹிந்தி. அவர் தன் பாஷையில் ஒரு பெயர் சொன்னார்; கிராமத்தில் தனியாகக் கேட்ட மற்ற இருவர் சொன்னதும் அதுவே. தமிழ் எழுத்தில் அந்த ஒலியைப் பிடிக்க எனக்கு இன்றுவரை வரவில்லை. தப்பாக எழுதி அவர்களைச் சங்கடப்படுத்துவானேன் என்று விட்டுவிடுகிறேன். பொருள் கேட்டதற்கு, “எல்லாரும் சேர்ந்து மேலே இருந்த இடம்,” என்றார். பிறகு, “வாங்க, காட்டறேன்,” என்று முன்னால் நடந்தார்.

ஏறினோம். வழுக்குப் பாறை, பிரம்புக் கொடி, அட்டை. மேலே போனால் முழங்கால் உயரத்துக்குக் கற்கள், வளைந்து ஒரு வரிசை. பாதி சரிந்து, பாசி மூடி, நடுவே மரங்கள் வேர்விட்டுக் கிடந்தது. உள்பக்கம் மண்ணைக் கிளறினால் சிப்பிகள். கடலிலிருந்து இத்தனை உயரத்தில் யாரோ உட்கார்ந்து தின்று போட்ட பழைய சிப்பிகள். ஓரத்தில் ஒரு சிறு ஊற்று.

கேப்டன் சொன்னார்: அவருடைய முன்னோர் காலத்தில் கடல் வழியாகக் கொள்ளைக்காரர்கள் வருவார்களாம். பாய்மரம் தெரிந்ததும் கிராமம் கிராமமாக ஜனங்கள் இங்கே ஏறிவிடுவார்களாம். ஒன்றுக்கொன்று ஆகாத கிராமங்கள்கூட இங்கே வந்தால் சண்டை போடக் கூடாதாம்.

நான் டேப்பைப் பிடித்து அளந்தேன். அளந்துவிட்டு, செஞ்சிக்காரத் திமிரோடு சாப்பிடம் சொன்னேன்: “சாப், வாசல் இல்லை, அகழி இல்லை, கொத்தளம் இல்லை. இதுக்குப் பேரு கோட்டை இல்லை. கற்குவியல்னு போட்டுடலாம்.”

சாப் ஒரு கல்லின் மேல் உட்காராமல், அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பாக்கை வாயில் போட்டுக்கொண்டார்.

“கில்லேவாலா, உங்க ஊர்க் கோட்டையில சண்டை வந்துச்சுல்ல? அப்போ உங்க வீட்டு ஆளுங்க எங்கே இருந்தாங்க?”

“நாங்க குடியானவங்க சாப். முற்றுகைன்னா வாசலைச் சாத்திடுவாங்களாம். எங்க ஆளுங்க பிள்ளைகுட்டியோட ஏரிக்கரைப் பனங்காட்டுல ஒளிஞ்சு கெடந்தாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாரு.”

“அச்சா,” என்றார், சட்டென்று. “அப்போ கோட்டைக்கு உள்ளே போகலை.”

“எங்களை யாரு விட்டாங்க?”

“இங்கே யாரை வெளியே நிறுத்தினாங்கன்னு கேப்டனைக் கேளு.”

நான் கேட்கவில்லை. கேப்டன் ஐசக் அதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டார். யாரையும் இல்லை. எனக்குச் சுரீரென்றது. பிறந்ததிலிருந்து என் கோட்டை, என் கோட்டை என்று மார்தட்டிய கோட்டைக்குள் என் பாட்டன் முப்பாட்டன் ஒருவனும் தஞ்சம் புகுந்ததில்லை. இந்த முழங்கால் உயரக் கல்லுக்குள் ஊரே இருந்திருக்கிறது. பென்சிலை எடுத்து, மேலே நிக்கோபாரிப் பெயரை எழுதினேன். கீழே ‘கோட்டை’ என்று எழுதினேன். சாப் மூன்றாவது ரகத்து அச்சாவைச் சொன்னார். என் சர்வீசில் எனக்குக் கிடைத்த முதல் மூன்றாவது அச்சா அது.

போர்ட் பிளேயருக்குத் திரும்பியதும் சிக்கல் வந்தது. மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி வரைபடத்தைப் பார்த்துவிட்டு ‘கோட்டை’யின் மேல் சிவப்புக் கோடு போட்டுவிட்டார். நல்ல மனிதர்தான், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. “நாளைக்கு யாராவது இந்த மேப்பைப் பார்த்துட்டுக் கோட்டையைத் தேடிப் போவாங்க. போய்ப் பார்த்தா நாலு கல்லு. நம்ம மேப் பொய் சொல்லலாமா?” என்றார்.

லதீஃப் சாப் வாக்குவாதம் செய்கிற ஆள் இல்லை. அன்றைக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் அப்படி வந்து நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. அதிகாரி அறையில் நின்றபடியே, மெதுவாக ஹிந்தியில் கேட்டார்: “சாப், நீங்க டெய்ரி ஃபார்ம்லதானே குடியிருக்கீங்க? உங்க தெருவுல எத்தனை மாடு இருக்கு?”

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் தெருவில் மாடு என்ன, கன்றுகூடக் கிடையாது.

“ரிக்‌ஷாக்காரன்கிட்ட டெய்ரி ஃபார்ம்னு சொன்னா உங்க வீட்டுக்குக் கொண்டுவந்து விடறானே சாப். அதுக்குத்தானே பேரு? ஜனங்க எங்கே இருக்காங்கன்னு கண்டுபிடிக்கத்தானே?”

அதிகாரி வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “சரி லதீஃப், சின்ன எழுத்தில் போடுங்கள்,” என்றார். இப்படித்தான் கோட்டை சின்ன எழுத்தில் வரைபடத்தில் ஏறியது. அந்த அதிகாரிக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். பிடிவாதத்தை விடத் தெரிந்த அதிகாரி லேசில் கிடைப்பதில்லை.

காலம் ஓடியது. சாப் ஓய்வுபெற்றார். என் தலை நரைத்தது. பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. தீவுக்காரர்களுக்கு எந்த ஞாயிறு என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், சுனாமி வந்த ஞாயிறு.

போர்ட் பிளேயரே ஆடிப்போயிருந்தது. நிக்கோபார் பக்கமிருந்து ஒரு தகவலும் இல்லை. சர்வே ஆட்களை வரைபடங்களோடு வரச் சொன்னார்கள். அள்ளிக்கொண்டு ஓடினேன். மீட்பு வேலை நடந்த அறையில் ஒரே கூச்சல். யாரும் உட்காரவில்லை. மறுநாள் மத்தியானம் வயர்லெஸ்ஸில் ஒரு குரல் விட்டுவிட்டு வந்தது. கட்சாலிலிருந்து ஹிந்தியில் யாரோ. கோட்டையில் இருக்கிறோம், நிறையப் பேர் இருக்கிறோம், அடிபட்டவர்கள் இருக்கிறார்கள், சாப்பாடு இல்லை. அவ்வளவுதான், அறுந்துவிட்டது.

“கோட்டையா? நிக்கோபாரில் ஏது கோட்டை?” என்றார் ஒருவர். ஜப்பான்காரன் கட்டிய பங்கராக இருக்கும் என்றார் இன்னொருவர். எல்லாரும் மெயின்லேண்டிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியவர்கள்; அவர்களை என்ன சொல்வது? கட்சால் தாளை எடுத்து மேஜையில் விரித்தேன்.

ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர் குனிந்து பார்த்தார். சின்னப் பையன் முகம், தூங்காத கண். “கரையெல்லாம் இப்போது இந்தப் படத்தில் இருக்கிற மாதிரி இல்லை. நான் மேலிருந்து பார்த்தேன். ஜெட்டியே இல்லை,” என்றார்.

“கரை மாறியிருக்கும் சார். மலை மாறாது,” என்று அந்தச் சின்ன எழுத்தின் மேல் விரலை வைத்தேன்.

“கோட்டைச் சுவர் மேலிருந்து தெரியுமா?”

“தெரியாது. மரம்தான் தெரியும். அடியில ஆளுங்க இருப்பாங்க.”

போனார். சாயங்காலம் வந்தார். அறைக்குள் வந்து என்னைத் தேடி, தோளில் கையை வைத்து, “இருக்காங்க,” என்றார். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமே படவில்லை.

போர்ட் பிளேயர் முகாமில் சில நாள் கழித்து ராசம்மாவைப் பார்த்தேன். கால் வீங்கி, குரல் போயிருந்தாள். நிலம் ஆடியதும் கடல் பின்வாங்கியிருக்கிறது. கேப்டன் ஐசக் வயதான காலத்தில் சங்கு ஊதுவதுபோல் கத்திக்கொண்டே கிராமத்து ஆட்களை மேலே விரட்டியிருக்கிறார். தோட்டத்திலிருந்து ராசம்மா ஆட்களும், ஜெட்டிப் பக்கம் கடை வைத்திருந்தவர்களும் “கோட்டைக்கு ஓடுங்க, கோட்டைக்கு ஓடுங்க” என்று ஏறியிருக்கிறார்கள். ஊற்றுத் தண்ணீரைப் பிள்ளைகளுக்கும் அடிபட்டவர்களுக்கும் முதலில் கொடுத்துப் பங்கு போட்டிருக்கிறார்கள்.

“கேப்டன்?” என்றேன்.

“பேத்திய எங்கையில புடிச்சுக் குடுத்துட்டு, இன்னும் ஆளு கீழ இருக்குன்னு எறங்கினாருங்கய்யா. வரல.”

அவள் பக்கத்தில் ஒரு நிக்கோபாரிச் சிறுமி ராசம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மார்த்தா. கேப்டனின் பேத்தி. அந்த மலையில் அன்று என் முன்னால் தலையை ஆட்டிய மனிதர், யாரையும் வெளியே நிறுத்தியதில்லை என்று தலையை ஆட்டியவர், கடைசிவரை அப்படியே இருந்துவிட்டார்.

லதீஃப் சாப் அபர்டீன் பஜார் பக்கம் மகன் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் விரல் வைத்த இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். “அச்சா,” என்றார். மெல்லிசாக, மூச்சோடு. நான் வாங்கிய கடைசி அச்சா அது. பென்ஷன், சர்டிபிகேட், பிரிவுபசாரத்தில் போட்ட சால்வை எல்லாம் இருக்கட்டும். சர்வேயில் நான் சம்பாதித்தது என்றால் அந்த இரண்டு அச்சாவைத்தான் சொல்வேன்.

இதையெல்லாம் சுருக்கி எழுதிய அரைப் பக்கத்தோடு காத்திருந்தேன். சுஷ்மிதா ஞாயிறன்று வீட்டுக்கே வந்துவிட்டார். என் வீட்டுக்காரி போட்ட டீயைக் குடித்துக்கொண்டே படித்தார். படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குள் ஒரே பெருமை. காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

“அங்கிள், இது அப்போ நடந்தது,” என்றார். “இப்போ அங்க ஜனங்க வேற வேற இடத்துல புது வீட்டுல இருக்காங்க. புதுத் தலைமுறை வந்தாச்சு. இன்னும் யாராவது அந்தப் பேரைச் சொல்றாங்களா? ஒருத்தரும் சொல்லலைன்னா நான் எதை வச்சு எழுத? உங்க லதீஃப் சாப் ரூல்தானே இது?”

என் குருவின் ஆயுதத்தையே எடுத்து என் நெஞ்சுக்கு நேரே நீட்டுகிறார்! கோபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. மலை அங்கேயே இருக்கும். ஆனால் பெயர் வாயில் இல்லாவிட்டால் போனதுதான். சாப்பே இருந்திருந்தாலும் சிவப்புக் கோடு போட்டிருப்பார்.

“மூணு பேரைக் கேளுங்க,” என்றேன்.

ராசம்மா மருமகளின் எண் என்னிடம் இருந்தது. சுஷ்மிதாவே போட்டார். ஸ்பீக்கரில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். “நீங்க வாயே திறக்கக் கூடாது. திறந்தா அந்த சாட்சி செல்லாது.”

மருமகளிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, “உங்க ஆடு தோட்டத்துக்குப் பின்னால மேல ஏறிப் போயிடுச்சுன்னு வைங்க. எங்க போறேன்னு வீட்டுல சொல்லுவீங்க?” என்றார்.

“கோட்டைக்குன்னு சொல்லுவோம். ஏங்க, ஆடு எதுவும் புடிச்சு வச்சிருக்கீங்களா?”

சுஷ்மிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு, பக்கத்தில் நிக்கோபாரிக்காரர்கள் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். போன் கை மாறியது. மார்த்தா. அந்த முந்தானையைப் பிடித்துத் தூங்கிய சிறுமி இப்போது அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். சுஷ்மிதா அவளை மற்றவர்கள் காதுக்கு எட்டாமல் தள்ளிப் போகச் சொல்லி, ஹிந்தியில் அதையே பன்றி வைத்துக் கேட்டார். மார்த்தா முதலில் தன் பாஷைப் பெயரைச் சொன்னாள். கேப்டன் ஐசக் சொன்ன அதே சொல், அதே ஏற்ற இறக்கம். பிறகு, “வீட்ல அந்தப் பேரு. ராசம்மா அம்மாகிட்ட சொன்னா கோட்டை. ரெண்டும் ஒண்ணுதான்,” என்றாள்.

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

“கடைசியா ராசம்மாகிட்ட கொடுங்க,” என்றார் சுஷ்மிதா. இந்த முறை ஆடும் கேட்கவில்லை, பன்றியும் கேட்கவில்லை. கொஞ்சம் தயங்கி, “அம்மா, நாளைக்கு மறுபடியும் கடல் பொங்குதுன்னு சத்தம் கேட்டா, எங்க போவீங்க?” என்றார்.

“கோட்டைக்குத்தான். வேற எங்கம்மா போறது? எம் முட்டி வலிக்கு இப்ப ஏற முடியாது. இந்த மார்த்தா என்னைய முதுகுல தூக்கிக்கிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா.” நிறுத்திவிட்டு, சந்தேகக் குரலில் கேட்டாள்: “ஆமா, யாரு இதெல்லாம் கேக்கச் சொன்னது? அந்தச் செஞ்சிக்காரரு பக்கத்துல இருக்காரா?”

சுஷ்மிதா கையோடு கொண்டுவந்திருந்த கம்ப்யூட்டரில் இரண்டு பெயரையும் அடித்து முடித்துவிட்டு, இனிமேல் பேசலாம் என்று எனக்குத் தலையசைத்தார்.

“இருக்கேம்மா,” என்றேன்.

“என்னாங்கய்யா, ஒங்க ஊருக் கோட்டைய சொமந்துக்கிட்டு வந்துட்டீங்களா?”

“இல்லம்மா. அது கெடக்கட்டும் அங்கேயே. எங்களை அதுக்குள்ள விட்டதே இல்லை.”

“அப்ப இங்க வாங்க. எடத்துக்கா பஞ்சம்? ஏறி வந்தா ஒக்காந்துக்கலாம்.”